மருதானைக்குப் போக வேண்டாம், கடுகண்ணாவைக்குப் போங்கள்

ஓய்வுபெற்ற புகையிரத ஊழியரான உங்கள் அப்பாவை மருதானை பழைய நிலையத்துப் புகையிரத அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி. கொழும்பின் பழைய முனைய நிலையத்தில் 2009இல் திறந்த அந்த அருங்காட்சியகம், 2014இல் கண்டிக்கு அருகே உள்ள கடுகண்ணாவைக்கு இடம்மாறிவிட்டது.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கண்டி ரயிலில் போங்கள். கடுகண்ணாவையில் நிற்குமா என்று கேட்டுவிட்டே டிக்கெட் எடுங்கள். கடுகதி ரயில்கள் சில நிற்பதில்லை. அப்பாவை வலப்பக்க ஜன்னலோரம் அமர்த்துங்கள். ரம்புக்கனை தாண்டி ரயில் மலையேறும்போது பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான் விரியும். நீராவிக் காலத்தில் அந்த ஏற்றத்தில் ரயிலுக்குப் பின்னால் இன்னோர் எஞ்சின் பூட்டித் தள்ளுவார்கள். அதைப் பற்றி அவரிடம் கேளுங்கள், அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகளும் கேட்கட்டும்.