அதே மயில்துத்தம், அதே அளவு: காவிரித் தண்ணீரில் செத்த மீன், போர்வெல் தண்ணீரில் பிழைத்தது ஏன்?

கேள்வி: பெங்களூரில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். காப்பர் சல்ஃபேட்டின் (மயில்துத்தம்) குறுகிய கால நச்சுத்தன்மையை ஜீப்ரா மீன்களில் 96 மணி நேரம் பார்ப்பது என் புராஜெக்ட். முதல் முறை காவிரிக் குழாய்த் தண்ணீரில், லிட்டருக்கு 1 மில்லிகிராம் போட்ட தொட்டியில் பத்துக்கு ஏழு மீன் செத்தன. அடுத்த முறை குழாயில் தண்ணீர் வராததால் போர்வெல் தண்ணீரை எடுத்தேன். அதே அளவில் ஒன்றுகூடச் சாகவில்லை. எடை போட்டதில் தவறில்லை. எந்த முடிவை எழுதுவது? — வாசகி, அல்சூர்

பதில்: இரண்டையும் எழுதுங்கள், தனித்தனியாக. சராசரி மட்டும் எடுத்துவிடாதீர்கள். நீங்கள் செய்தது ஒரே சோதனையின் இரண்டு சுற்று இல்லை, இரண்டு வெவ்வேறு தண்ணீரில் இரண்டு சோதனை.

செம்பு மீனைத் தாக்கும் முக்கியமான இடம் செவுள். நன்னீர் மீன் தனக்கு வேண்டிய சோடியத்தைச் செவுள் வழியாகத்தான் உள்ளே இழுக்கிறது. செம்பு அயனி அங்கே ஒட்டிக்கொண்டால் அந்த வேலை நின்றுபோய், மீன் உடம்பிலிருந்து உப்பு வெளியேறிவிடுகிறது. போர்வெல் தண்ணீரில் கால்சியம் அதிகம். ஸ்டாப்புக்கு வரும்போதே சீட்டெல்லாம் நிரம்பிய பஸ் மாதிரி, செம்பு வந்து சேரும்போது செவுளில் இடம் பிடிக்கப் போட்டி கூடிவிடுகிறது. அந்தத் தண்ணீரின் காரத்தன்மையும் சேர்ந்துகொள்ளும்: கார்பனேட் செம்பைக் கட்டிப்போடும், pH உயர்ந்திருந்தால் ஒரு பகுதி வீழ்படிவாகவே இறங்கிவிடும். ஆக, நீங்கள் போட்டது ஒரே அளவுதான், செவுளுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே அளவில்லை.

அதனால் முடிவு எழுதும்போது எல்.சி.50 எண்ணோடு (மீன்களில் பாதியைக் கொல்லும் செறிவு) அந்தத் தண்ணீரின் கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியம் அளவு), காரத்தன்மை, pH, வெப்பநிலை எல்லாம் வர வேண்டும். உலோக உப்புகளுக்கு இவை இல்லாத எல்.சி.50-ஐ வேறு எதனுடனும் ஒப்பிட முடியாது. இன்னொன்று, அளவைச் செம்பாகச் சொல்லுங்கள். படிக மயில்துத்தத்தில் ஐந்து மூலக்கூறு நீர் இருக்கிறது. எடையில் சுமார் 25.5 சதவீதம்தான் செம்பு. உங்கள் 1 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் செம்பு.

அதைவிட முக்கியம், போட்ட அளவை நம்பாமல் அளந்து பார்ப்பது. ஒவ்வொரு தொட்டியிலும் தொடக்கத்திலும், தண்ணீர் மாற்றுவதற்குச் சற்று முன்பும் மாதிரி எடுங்கள். 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்டு, அணு உறிஞ்சல் கருவியில் கொடுத்தால் கரைந்த செம்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அது போட்ட அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால், அளந்த எண்ணை வைத்துத்தான் எல்.சி.50 கணக்கிட வேண்டும்.

குழாய்த் தண்ணீரின் குளோரினை எப்படி எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மீன் தொட்டிக் கடையில் விற்கும் சொட்டு மருந்தை விட்டிருந்தால் அங்கேயும் சிக்கல் இருக்கிறது. அவற்றில் பல சோடியம் தயோசல்ஃபேட். அது குளோரினோடு நிற்காமல் செம்பையும் பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் உலோக அயனிகளை இறுக்கிப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ.யும் இருக்கும், அது இன்னும் மோசம். கரித்தூள் வடிகட்டியில் விட்டு, நன்றாகக் காற்றூட்டி, குளோரின் போய்விட்டதா என்று சோதித்துவிட்டு மீனை விடுங்கள்.

உண்மையில் குழாயும் வேண்டாம், போர்வெல்லும் வேண்டாம். தண்ணீரை நீங்களே தயாரியுங்கள். காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டருக்குச் சோடியம் பைகார்பனேட் 96, இரு நீர் கால்சியம் சல்ஃபேட் 60, நீரற்ற மக்னீசியம் சல்ஃபேட் 60, பொட்டாசியம் குளோரைடு 4 மில்லிகிராம். கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 80 முதல் 100 மில்லிகிராமுக்குள் நிற்கும். உங்கள் லேபில் இருப்பது அநேகமாக ஏழு நீர் கொண்ட எப்சம் உப்பாக இருக்கும். அப்படியானால் 60-க்குப் பதில் 123 போட வேண்டும். ஒரு நாள் காற்றூட்டிய பிறகு பயன்படுத்துங்கள்.

மற்றவை, மீன்களில் குறுகிய கால நச்சுத்தன்மையைச் சோதிப்பதற்கான சர்வதேச வழிமுறையான ஓ.இ.சி.டி. 203-இல் உள்ளபடிதான்: குறைந்தது ஐந்து செறிவு, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 2.2 மடங்குக்கு மேல் இடைவெளி கூடாது, ஒவ்வொன்றிலும் ஏழு மீனுக்குக் குறையக் கூடாது, 24 மணி நேரம் முன்பிருந்தே தீனி கிடையாது. செம்பு போடாத கன்ட்ரோல் தொட்டியில் பத்து சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்தச் சுற்றே செல்லாது.

கரைந்த ஆக்சிஜனைத் தினமும் பாருங்கள். அந்த வெப்பநிலையில் தண்ணீரில் அதிகபட்சம் கரையக்கூடிய அளவில் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 2016 மார்ச்சில் உங்கள் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் மிதந்தபோது ஆக்சிஜன் குறைவுதான் காரணமாகப் பேசப்பட்டது. தொட்டியிலும் அப்படிச் சாகும், பழி செம்பின் மேல் விழும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் முதலில் ஆக்சிஜன் மீட்டரை எடுங்கள். ஆனால் செவுளில் சளி கட்டும் மீனும் இதையே செய்யும், அதனால் கன்ட்ரோல் மீன்கள் என்ன செய்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். செத்துவிட்டது என்று குறிக்க, செவுள் மூடி அசையாமல் இருக்க வேண்டும், வாலடியைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டாலும் அசைவு இருக்கக் கூடாது.

அப்புறம், சோதனை முடிந்த தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். கேனில் சேர்த்து லேபின் அபாயக் கழிவோடு அனுப்புங்கள்.

மூன்றாவது சுற்றுக்கு முன், உங்கள் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு எத்தனை மீனுக்கு அனுமதி தந்தது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை தீர்ந்திருந்தால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில், தயாரித்த தண்ணீரில் மீனே இல்லாமல் ஐந்து செறிவையும் 96 மணி நேரம் வைத்து, கரைந்த செம்பு எப்படிக் குறைகிறது என்று அளந்துவிடலாம். தண்ணீரை 24 மணிக்கு ஒருமுறை மாற்றுவதா, 48-க்கா என்பதை அந்த எண்களை வைத்தே தீர்மானித்துக்கொள்ளலாம்.