எண்ணெய் போட்டும் பர்னர் ஓடவில்லை, இன்னொரு ஃபீஸ் நியாயமா?

கேள்வி: கனெக்டிகட்டில் போன கோடையில் ஒரு பழைய வீடு வாங்கினோம். பேஸ்மென்ட்டில் 275 கேலன் ஆயில் டேங்கும், அந்த எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் பாய்லரும் இருக்கின்றன. ஜனவரிக் குளிரில் எண்ணெய் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. மறுநாள் எண்ணெய் கம்பெனி டிரைவர் வந்து 100 கேலன் போட்டுவிட்டுப் போனார். ஆனால் பாய்லரில் எண்ணெயை எரிக்கும் பர்னர் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. டெக்னீஷியன் வந்து ‘பிரைம்’ செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறது கம்பெனி. இது நியாயமா? நானே செய்துகொள்ள முடியாதா?

பதில்: பணப் பேச்சுக்கு முன்னால் ஒன்று. பர்னரை மறுபடி ஓடவைக்க அதிலிருக்கும் சிவப்பு ரீசெட் பட்டனை ஒரு தடவைக்கு மேல் அழுத்தாதீர்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எரியாத எண்ணெய் கொஞ்சம் எரியறைக்குள் போய்ச் சேரலாம். அப்புறம் திடீரென்று பற்றினால் மொத்தமும் ஒன்றாக எரிந்து ‘டப்’பென்று வெடிக்கும், வீடு முழுக்கக் கரி படியும். ஏற்கெனவே பல தடவை அழுத்திவிட்டீர்கள் என்றால் நீங்களே சரிசெய்யும் யோசனையை விட்டுவிடுங்கள். டெக்னீஷியனிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

டேங்க் காலியானபோது குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. பம்ப் எண்ணெயை இழுக்காமல் காற்றை இழுக்கிறது. இந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் ‘பிரைம்’ என்கிறார்கள். தீ தெரியவில்லை என்றதும் கன்ட்ரோல் சில நொடிகளில் பர்னரை நிறுத்திவிடுகிறது. பம்ப்பின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு பிளீடர், அதாவது காற்றை வெளியே விடும் திருகு, இருக்கும். அதில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு டப்பாவில் விட்டு, பர்னர் ஓடும்போது ஸ்பேனரால் லேசாகத் திறப்பார்கள். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று சிவப்பு எண்ணெய் சீராக வந்ததும் மூடினால் தீ பிடித்துக்கொள்ளும். வரி இல்லாத எண்ணெய் என்று காட்டத்தான் அந்தச் சிவப்புச் சாயம். மற்றபடி அது கிட்டத்தட்ட டீசலேதான்.

கைப்பழக்கம் உள்ளவர்கள் இதைத் தாங்களே செய்கிறார்கள். இந்த முதல் தடவை டெக்னீஷியனையே கூப்பிடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். டேங்க் வற்றும்போது அடியில் கிடந்த கசடு ஃபில்டரில் வந்து அடைத்திருக்கலாம். கொடுக்கிற காசுக்கு ஃபில்டரையும், எண்ணெயைத் தூவும் முனையான நாஸிலையும் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். சிலர் கேட்டால்தான் செய்வார்கள்.

இப்போது நியாயத்துக்கு வருவோம். நீங்கள் போன் செய்தால் மட்டும் கொண்டுவரும் ஏற்பாடு என்றால், டேங்க்கைக் கவனிப்பது உங்கள் பொறுப்பு. டிரைவரின் வேலை எண்ணெயை ஊற்றுவதோடு முடிந்தது. கட்டணம் கேட்பதில் தப்பில்லை. ஆர்டர் எடுக்கும்போதே “டேங்க் காலியா?” என்று கேட்டு இதைச் சொல்லியிருக்கலாம், அந்தக் குறை கம்பெனி மேல்தான். அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். ஆட்டோமேட்டிக் டெலிவரி என்றால் கதையே வேறு. குளிரைக் கணக்கிட்டு நேரத்துக்கு வந்து நிரப்புவது அவர்கள் ஏற்ற வேலை, அவர்கள் தவறுக்கு நீங்கள் ஏன் கட்டவேண்டும்? சர்வீஸ் ஒப்பந்தம் போட்டிருந்தால் அதையும் எடுத்துப் படியுங்கள். எண்ணெய் தீர்ந்து வரும் அழைப்புக்குச் செல்லாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்.

ராத்திரியில் மறுபடி இப்படி மாட்டிக்கொண்டால் பெட்ரோல் பங்க்கில் 5 கேலன் டீசல் வாங்கி ஊற்றிச் சமாளிக்கலாம். டீசல் கேன் மஞ்சள் நிறத்தில் இருக்கும். கார் பெட்ரோலை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றக்கூடாது. காற்றை எடுக்கும் வேலை அப்போதும் உண்டு.

கடுங்குளிரில் ஒரு நாளைக்கு 5, 6 கேலன் போவது சாதாரணம். பல கம்பெனிகள் 100 கேலனுக்குக் குறைவாகக் கொண்டுவருவதில்லை, அவசரம் என்றால் தனி ஃபீஸ். அதனால் டேங்க் மேலுள்ள, எண்ணெய் அளவைக் காட்டும் மிதவை கால்வாசிக்கு இறங்கியதுமே ஆர்டர் கொடுங்கள். பனிப்புயல் அறிவிப்பு வந்த பிறகு போன் செய்தால் ஊரே அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.