டிவிடி டிரைவ் பூட்ட இடம் எங்கே போனது?

கேள்வி: புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். கேசிங்கில் டிவிடி ரைட்டர் பூட்ட இடமே இல்லை. அக்காவின் கலியாண வீடியோவும் அப்பாவின் செத்தவீட்டு வீடியோவும் டிவிடியில்தான் இருக்கின்றன. ஏன் இப்படிச் செய்கிறார்கள்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, கிளிநொச்சியில் என் கடைக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். 5.25 அங்குல அந்த இடம் 1970களின் பிளாப்பி டிரைவுக்காக வந்தது. சிடி, டிவிடி டிரைவுகளையும் பிறகு அதே அளவில் செய்தார்கள். இப்போது விண்டோஸைக்கூடப் பென் டிரைவில் இருந்துதான் போடுகிறோம். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துக்கும் வேலை குறைந்துவிட்டது. 22 மில்லிமீற்றர் அகலமும் 80 மில்லிமீற்றர் நீளமும் உள்ள எம்.2 எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்கின் வேலையைச் செய்யும் சின்னத் தகடு, ஒரே ஆணியில் மதர்போர்டிலேயே படுத்துக்கொள்கிறது.

ஆனால் பெரிய காரணம் சூடு. இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் சில 30 சென்ரிமீற்றரையும் தாண்டும், நெருப்பாய்க் கொதிக்கும். முன்பக்கத்தை டிரைவ் கூடுகள் அடைத்துக்கொண்டு நின்றால் காற்று எப்படி உள்ளே போகும்? அந்த இடத்தில் இப்போது மூன்று 120 மில்லிமீற்றர் ஃபேன்கள் நிற்கின்றன. எங்கள் வெக்கைக்கு அது நல்லதுதான். சோளகம் வீசும் மாதங்களில் மட்டும் முன் வலையைக் கழற்றிப் புழுதி தட்டுங்கள்.

சரி, உங்கள் டிவிடிகளுக்கு வருவோம். யூஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி ரைட்டர் ஒன்று போதும், கேசிங்கை மாற்ற வேண்டாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ஸ்ரூடியோக்காரர் எழுதித் தந்த டிஸ்க்கில் படம் பதிந்திருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் அதைக் கெடுக்கும். தகரக் கூரையின் கீழ் அலுமாரிக்கு மேல் வைத்த டிஸ்க்குகள் எத்தனையோ வாசிக்காமல் என்னிடம் வந்திருக்கின்றன. அதைத் திரும்பக் கேட்க அந்த ஸ்ரூடியோவே இப்போது இருக்காது. இடம்பெயர்ந்து அல்பம் எல்லாம் தொலைத்த சனம் நாங்கள், மிஞ்சியதையாவது காப்பாற்ற வேண்டும்.

டிஸ்க்கை மெல்லிய பருத்தித் துணியால் நடுவில் இருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், டிஸ்க் பழுதாகலாம். முழு ஃபோல்டரையும் கொப்பி பண்ணி, ஒன்றைக் கம்ப்யூட்டரிலும் இன்னொன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் வையுங்கள். அப்பாவின் டிஸ்க்கை முதலில் எடுங்கள். கலியாண வீடியோவின் பிரதி வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாரிடமாவது இருக்கக்கூடும்.