தலைவலிய லேசா விடாதீங்க தம்பி

முதுகுல அடிபட்டதுக்கு அப்புறம் வீட்டுக்காரங்களோட சேர்ற நேரத்துல தலைவலி பொளக்குதுன்னு நீங்க எழுதின லெட்டரப் படிச்சேன். "அந்த நேரத்துலயே நெஞ்சு வெடிச்சுப் போயிருவேனோன்னு வீட்ல பயந்து பக்கத்துலயே வரமாட்டேங்கறா"ன்னு கடைசி வரியில எழுதிருக்கீங்க, முதல்ல அதுக்கு வர்றேன். கானாடுகாத்தான்ல பெரிய வீட்டு ஓடு மாத்தறப்ப விழுந்து மார்புப் பக்க முதுகெலும்புல நாலாவதுல, உள்ள ஓடற தண்டுவட நரம்புல அடி, அதுதான் விஷயமே. ஆறாவதுலயோ அதுக்கு மேலயோ அடிபட்டவங்களுக்குக் கீழ்உடம்புல எது உறுத்தினாலும், மூத்திரம் முட்டினாலும் மலம் கட்டினாலும் விந்து வர்ற நேரமானாலும், மூளையோட கட்டுப்பாடு கீழ போய்ச் சேராததால ரத்தக்குழாய் இறுகி பிரஷர் சட்டுனு ஏறும். மண்டை பொளக்கற வலி, முகமெல்லாம் சிவந்து வேர்வை, மூக்கடைப்பு, எல்லாம் இதுதான். ஹார்ட் அட்டாக் இல்ல. ஆனா கவனிக்காம விட்டா பக்கவாதம், ஃபிட்ஸ் வரைக்கும் போயிரும்.

"பிரஷர் 140தான காட்டுச்சு, எங்கப்பாவுக்கே அவ்ளோ இருக்கு"ன்னு சமாதானம் வேற. உங்களுக்கு எப்பவும் 100 தம்பி, அதுல 20, 40 ஏறினாலே உங்களுக்கு அதிகம்.

வலி ஆரம்பிச்சதும் நிறுத்திருங்க, படுக்காதீங்க, நிமிர்ந்து உக்காந்து காலத் தொங்கப் போடுங்க, இடுப்புல இறுக்கமா இருக்கறதத் தளர்த்துங்க, யூரின் டியூப் மடிஞ்சிருக்கா, பை நிரம்பியிருக்கான்னு வீட்ல பாக்கச் சொல்லுங்க. ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒருக்கா பிரஷர் பாத்தும் இறங்கலன்னா நேரா கேஷுவாலிட்டிதான்.

இப்ப திட்டு. ஃப்ரெண்டு சொன்னான்னு மெடிக்கல்ல சில்டெனாஃபில்னு விறைப்பு மாத்திரை வாங்கிப் போட்டீங்க, தலைவலி வந்ததும் வீட்ல அப்பாவோட நெஞ்சுவலி மாத்திரை சார்பிட்ரேட்ட எடுத்து நாக்குக்கடியில வைக்கப் போனாங்களாம். நல்லவேளை வைக்கல. ரெண்டும் சேர்ந்தா பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய் ஆளே காலி. கேஷுவாலிட்டிலயும் பிரஷரக் குறைக்க சார்பிட்ரேட் வகை மருந்து குடுக்க வாய்ப்பிருக்கு, அதனால என்ன மாத்திரை, எப்பப் போட்டீங்கன்னு வெக்கப்படாம முதல்லயே சொல்லிருங்க. சில்டெனாஃபில் உங்களுக்கு ஆகவே ஆகாதுன்னு இல்ல, எவ்வளவுங்கறத டாக்டர் சொல்லணும், ஃப்ரெண்டு இல்ல.

தொட்டா விறைக்குது, நினைச்சா விறைக்கலன்னு நெட்ல படிச்சு ராத்திரியெல்லாம் தூங்கலயா? உங்க அடிக்கு அப்படித்தான் இருக்கும், விடுங்க. கால் வெட்டி வெட்டி இழுக்கறதும் பழசுதான். குழந்தைக்கு வழி இருக்கு, வைப்ரேட்டர் வச்சு விந்து எடுக்கலாம், ஆனா பிரஷர் எகிறறது அதுலதான் ரொம்ப, அதனால முதல் தடவை ஆஸ்பத்திரில பிரஷர் பாத்துக்கிட்டேதான்.

ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் பிரஷர் எழுதிக்கிட்டு வாங்க, வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வாங்க, டியூப் பாக்கறத அவங்களுக்குத்தான் சொல்லிக் குடுக்கணும்.