கோள் உருவாவதை யார் பார்த்தது?

கேள்வி: 'இளம் கோள் கண்டுபிடிப்பு' என்று அடிக்கடி செய்தி வருகிறது. ஒரு கோள் உருவாகப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று சொல்பவர்களும் அதே விஞ்ஞானிகள்தாம். நூறு வயதைத் தாண்டாத மனிதன் இதையெல்லாம் கண்டுவிட்டதாகச் சொல்வது கதையளப்பு அல்லவா?

பதில்: ஒரு கோள் தொடக்கம் முதல் முடிவு வரை உருவாவதைக் கண்டதாக எந்த வானியலாளரும் சொன்னதில்லை, தலைப்பு எழுதும் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் சொல்லியிருக்கலாம். அவர்கள் கண்டது வெவ்வேறு வயதில் இருக்கும் பல விண்மீன்களை. அந்த வயது வரிசையில் என்னென்ன மாறுகிறது என்பதே சான்று.

2014-இல் சிலி நாட்டின் அல்மா ரேடியோ தொலைநோக்கி எடுத்த எச்.எல். டாரி விண்மீனின் படத்தில், அதைச் சுற்றியுள்ள, கோள்களுக்கு மூலப்பொருளான தூசியும் வாயுவும் கலந்த வட்டில் ஒளிர்வளையங்களும் அவற்றுக்கிடையே இருண்ட இடைவெளிகளும் மாறிமாறித் தெரிந்தன. அந்த விண்மீனின் வயது ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகள்தாம். தம் பாதையில் உள்ள தூசியை விலக்கி இடைவெளிகளைக் கோள்கள் உண்டாக்கியிருக்கலாம் என்று சொன்னபோது, "கோள் எங்கே?" என்று உங்களைப் போலவே கேட்ட வானியலாளர்களும் இருந்தார்கள். அதற்கான நேரடி விடை 2018-இல் வேறொரு விண்மீனிடமிருந்து கிடைத்தது. சுமார் 370 ஒளியாண்டு தொலைவில், 54 லட்சம் ஆண்டு வயதுள்ள பி.டி.எஸ். 70 என்ற விண்மீனின் ஒளியை மறைத்துவிட்டு அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்தபோது, வட்டின் நடுவே இருந்த அகன்ற வெற்றிடத்துக்குள் ஒரு கோள் தெரிந்தது. அதன் மேற்பரப்பு வெப்பம் சுமார் 1,000 டிகிரி செல்சியஸ். மறு ஆண்டு அதே வெற்றிடத்தில் இரண்டாவது கோளும் அகப்பட்டது. கோளின் மீது வாயு விழும்போது ஹைட்ரஜன் உமிழும் குறிப்பிட்ட சிவப்பு ஒளி இரண்டிலிருந்தும் வந்தது. அதாவது இரண்டும் இன்னும் வளர்கின்றன. இரண்டாவது கோளைச் சுற்றித் துணைக்கோள்கள் உருவாகக்கூடிய தனி வட்டு ஒன்று இருப்பதையும் 2021-இல் அல்மா தெளிவாகக் காட்டியது.

இனி உங்கள் ஐயத்துக்கு வருவோம். ஐயப்படுவதில் தவறில்லை, ஆனால் அந்த வேலையை வானியலாளர்கள் உங்களுக்காகக் காத்திராமல் செய்துவருகிறார்கள். எல்.கே.சி.ஏ. 15 என்ற விண்மீனைச் சுற்றி வளரும் கோள்கள் இருப்பதாக 2015-இல் பெரிதாகப் பேசப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குள், ஹவாயில் உள்ள பெரிய தொலைநோக்கிகளால் அதை மீண்டும் ஆராய்ந்த குழு, கோள்களுடையது என்று கருதப்பட்ட ஒளியில் பெரும்பகுதி வட்டிலிருந்தே வருகிறது என்று காட்டிவிட்டது. கதையளப்பவர்கள் தங்கள் கதையைத் தாங்களே இப்படிச் சோதித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. கட்டிலுக்கடியில் தூசி உருண்டை சேர்வதுபோல வட்டிலுள்ள நுண்துகள்கள் ஒட்டிக்கொண்டு கூழாங்கல் அளவுக்கு வளர்வதில் பெரிய சிக்கல் இல்லை. கல் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவை எட்டும்போதுதான் தடை வருகிறது. வட்டிலுள்ள வாயு அக்கல்லைவிடச் சற்று மெதுவாகச் சுற்றுவதால், கல் எப்போதும் எதிர்காற்றில் ஓடவேண்டியிருக்கிறது. அதனால் வேகம் இழந்து, பூமி சுற்றும் தொலைவில் இருக்கும் கல் சில நூறு ஆண்டுகளிலேயே விண்மீனுக்குள் விழுந்துவிடும். அதற்குள் இன்னொரு கல்லோடு மோதினால் ஒட்டுவதைவிடச் சிதறுவதே அதிகம். அப்படியானால் மலையளவுப் பாறைகள் எப்படி வந்தன?

2005-இல் முன்வைக்கப்பட்ட ஒரு விளக்கத்தின்படி, கூழாங்கற்கள் ஓரிடத்தில் சற்று அடர்த்தியாகத் திரண்டால், அவை தம்மைச் சுற்றியுள்ள வாயுவையும் இழுத்துச் செல்வதால் எதிர்காற்று அங்கே குறைகிறது. பின்னால் வருபவை அத்திரளில் வந்து சேர, ஒரு கட்டத்தில் திரள் முழுவதும் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி, மீட்டர் அளவைத் தொடாமலே பல கிலோமீட்டர் பாறையாகிவிடுகிறது. இதற்குச் சாதகமான சான்று நம் சூரியக் குடும்பத்திலேயே இருக்கிறது. 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் நெப்டியூனுக்கு அப்பால் கடந்துசென்ற அரோகோத், சுமார் 36 கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டைப் பிண்டம். அதன் இரு பகுதிகளும் சேரும் கழுத்தில் வேகமான மோதலின் தடம் இல்லை; ஒரே திரளிலிருந்து பிறந்து, ஒன்றையொன்று சுற்றி, மெல்ல நெருங்கி ஒட்டிக்கொண்டவை என்றே அவற்றின் வடிவம் காட்டுகிறது.