ஜன்னல் ஓரத்தில் அவளை உட்காரவையுங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாம்பன் பாலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பத்து வயதில் அப்பாவை இழந்த பிறகு தாத்தாவோடு ராமேஸ்வரம் போனதாக அதில் ஒரே ஒரு வரி வருகிறது. அதைச் சொல்லிவிட்டு நீங்கள் நகர்ந்துவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

எனக்கு அறுபத்தெட்டு வயது, திருச்சியில் இருக்கிறேன். சென்ற ஆண்டு என் மகன் மாரடைப்பில் போய்விட்டான். அவன் பெண்ணுக்கு ஒன்பது வயது. மருமகள் வேலைக்குப் போவதால் பகலில் என்னிடம்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அப்பா என்ற பேச்சை மட்டும் எடுப்பதே இல்லை. நானும் அவள் முன்னால் அழுவதில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொள்கிறேன்.

வருஷ திதி வருகிறது. ராமேஸ்வரத்தில் கொடுக்க என் கொழுந்தனார் நேராக அங்கே வந்துவிடுவார். மருமகளுக்கு லீவு கிடைக்கவில்லை. பேத்தியை நான் அழைத்துப் போகலாமா? "மறந்துட்டு இருக்கிற பிள்ளைகிட்ட எதுக்குக் கிளறணும்" என்கிறார்கள் வீட்டில். போனால் அவளிடம் என்ன பேசுவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு பாட்டி, திருச்சி

*

அன்புள்ள அம்மா,

அழைத்துப் போங்கள்.

அவள் எதையும் மறக்கவில்லை. வீட்டில் யாரும் எடுக்காத பேச்சை நாமும் எடுக்கக்கூடாது போலிருக்கிறது என்று இருக்கிறாள், அவ்வளவுதான். நீங்கள் குழாயைத் திறந்துவிட்டு அழுவதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். என் தாத்தா கிணற்றடிக்குப் போய் அழுவார். வாளி இறங்கும் சத்தம் கேட்காமலே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருப்பார். திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதியபடி நான் அதைக் கவனித்துக்கொண்டிருப்பேன். இப்படியே ஆறு மாதம் போனது.

1979 மே மாதம் மதுரையிலிருந்து பாசஞ்சர் ரயிலில் கிளம்பினோம். அப்போது தீவுக்குப் போக ரயில்தான், சாலைப் பாலம் வந்தது 1988இல். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போனது வண்டி. தாத்தாவும் நானும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருந்ததே கிடையாது. அவர் அதிகம் பேசாதவர். வீட்டில் என்னைப் பார்த்தால் "சாப்பிட்டியா" என்பதோடு சரி.

மண்டபத்தில் வண்டி நின்றபோது மடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்துப் பிரித்தார். உள்ளே அப்பாவின் எச்எம்டி கடிகாரம். அப்பாவோடு அதுவும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். வார் நுனியில் மூன்றாவது துளை மட்டும் நீண்டு கிழிந்திருக்கும், அப்பா எப்போதும் மாட்டும் துளை. தாத்தா காதருகே வைத்துக் கேட்டுவிட்டுச் சாவி கொடுக்க ஆரம்பித்தார்.

"தினமும் சாவி குடுக்கறீங்களா தாத்தா?"

"நின்னுட்டா பார்க்க முடியலய்யா."

சொல்லிவிட்டு அழுதார். மறைக்கவில்லை, துண்டை எடுத்து மூடவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். எனக்குப் பயமாக இல்லை. அப்பா போன நாளிலிருந்து முதல்முறையாக எனக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்தது மாதிரி இருந்தது. கடிகாரத்தை என்னிடம் கொடுத்து, "நீ குடு. இறுகினா விட்டுரு, மேல திருகாத" என்றார். நான் சாவி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வண்டி பாலத்தில் ஏறிவிட்டது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஊர்ந்துதான் போகும். கீழே தண்ணீர் மட்டும். அங்கேதான் ஆறு மாதமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்.

"அப்பாவுக்கு வலிச்சிருக்குமா தாத்தா?"

உடனே பதில் வரவில்லை. அப்புறம், "தெரியலய்யா. நானும் தினமும் அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

"இல்லடா, சாமி தூக்கிக்கிட்டாரு" என்று அவர் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்திருக்கும், நான் அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக எதையும் தயார் செய்துகொண்டு போக வேண்டாம். எதிரெதிரே உட்காரவைத்து "மனசுல என்ன இருக்கு, சொல்லு" என்று கேட்டால் எந்தக் குழந்தையும் வாயைத் திறக்காது. பக்கத்தில் உட்காருங்கள். ஜன்னல் ஓரத்தை அவளுக்குக் கொடுங்கள். இரண்டு பேரும் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்போது பேச்சு தானாக வரும், வராமலும் போகலாம். அவள் அப்பா சின்ன வயதில் ரயிலில் என்ன சேட்டை செய்தான் என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லுங்கள். ஒரு அப்பாவை அவள் இழந்தாள், ஒரு பிள்ளையை நீங்கள் இழந்தீர்கள். அந்தப் பிள்ளையை அவள் பார்த்ததே இல்லையே.

அழுகை வந்தால் அழுங்கள். எதற்கு அழுகிறீர்கள் என்பதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள், தன்னால்தான் பாட்டி அழுகிறாளோ என்று அவள் நினைத்துவிடக்கூடாது. நடந்ததற்குத் தாங்கள்தான் காரணம் என்று குழந்தைகள் நினைத்துக்கொள்வதுண்டு. "அடுத்து நீங்களும் போயிடுவீங்களா பாட்டி?" என்று கேட்டாலும் அதட்டாதீர்கள். அம்மா இருக்கிறாள், சித்தப்பா தாத்தா இருக்கிறார், உன்னைத் தனியாக விடமாட்டோம் என்று ஆட்களைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் அழுதுவிட்டு உடனே கடலை மிட்டாய் கேட்பாள். அதைப் பார்த்து, இவளுக்கு உறைக்கவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தைகளின் துக்கம் அப்படித்தான் விட்டு விட்டு வரும்.

திதியின்போது என்ன நடக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவையுங்கள். எள், பிண்டம், அக்னி தீர்த்தக் கரையில் கூட்டம், ஈர வேட்டியோடு சித்தப்பா தாத்தா உட்கார்ந்திருப்பது, எல்லாவற்றையும். யாரும் சொல்லாமல் திடீரென்று பார்ப்பதுதான் பயம். பக்கத்தில் நிற்கிறாளா, கொஞ்சம் தள்ளி உங்களோடு உட்கார்ந்துகொள்கிறாளா என்று அவளையே கேளுங்கள். கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றும்போது அவள் சிரிக்கலாம். திதிக்கு வந்த இடத்தில் என்ன சிரிப்பு என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடிக்கும் போங்கள், இப்போது அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் ஊரோடு ஒரு பாசஞ்சர் ரயிலும் போன இடம். சாவைப் பற்றிய பேச்சு வருமே என்று நிறைய பேர் குழந்தைகளிடம் அதை மழுப்புவார்கள். தாத்தா மழுப்பவில்லை. நான் கேட்டதற்கெல்லாம், ரயிலில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்களா என்பது உட்பட, தெரிந்ததைச் சொன்னார். மண்ணில் புதைந்து கிடந்த சுவர்களைக் காட்டினார். அன்றைக்கு ராத்திரிதான் அப்பாவைப் பற்றி இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். அது எங்களுக்குள் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று. தூக்கம் கெடுவது, சாப்பிடாமல் இருப்பது, பள்ளிக்கூடம் போக மறுப்பது, இதெல்லாம் வாரக்கணக்கில் இருந்தால் குழந்தைகளுக்கான மனநல மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். உங்களுக்காகவும் கூப்பிடலாம் அம்மா.

திருச்சியிலிருந்து பகல் ரயிலில் போங்கள், இருட்டில் பாலத்தைக் கடக்க வேண்டாம். நான் போன பாலம் 1914இல் கட்டியது, ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது வண்டி போவது 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில். பழையது பக்கத்தில் இன்னும் தெரிந்தால், அவளுக்குக் காட்டுங்கள். அவன் பொருள் ஏதாவது, பேனாவோ சட்டையோ, நீங்கள் பத்திரமாக வைத்திருந்தால் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

போய்வந்து எழுதுங்கள். அவளுக்கும் எழுதத் தோன்றினால், அதே கடிதத்தின் கீழே கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள்.