ஜெபிக்க முடியாத நாட்களில் எங்கள் வீட்டில் ஜெபம் நின்றுபோகவில்லை

கேள்வி: அப்பா இறந்து, வீடே மாறிப்போன பிறகு என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. இது அவிசுவாசமா? இப்படி எல்லாம் புரண்டுபோன பிறகும் கர்த்தரை நம்பியவர்கள் யாராவது உண்டா?

அவிசுவாசம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பல மாதம் ஆமென் என்ற வார்த்தைகூட வரவில்லை.

2019 ஆகஸ்ட் வரை நாங்கள் ஷார்ஜாவில் இருந்தோம். என் கணவர் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு ஏழு. வெள்ளிக்கிழமை காலையில் தமிழ் ஆராதனை (அப்போது அங்கே வெள்ளிதான் விடுமுறை), தினமும் இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். பாட்டு, பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம், கடைசியில் அவர் ஜெபிப்பார். நான் ஆமென் சொல்லிவிட்டுத் தோசைக்கல்லை வைப்பேன். எங்கள் அப்பா வீட்டிலும் இதே ஒழுங்குதான். ஜெபத்தை நடத்துவது ஆண்களின் வேலை என்று யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் புது வருஷ ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்கு எடுத்த வாக்குத்தத்த அட்டை (அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கு என்று எடுக்கும் வசன அட்டை) சங்கீதம் 91:10. "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." அவரே சட்டம் போட்டு, நாங்கள் ஜெபத்துக்கு உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டினார். எட்டாம் மாதம், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், நெஞ்சு வலி என்று சொன்னவர் திரும்ப எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயது.

ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். விசா அவர் பேரில் இருந்ததால், திரும்பப் போய் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. சாமான்களைக் கட்டும்போது மகன் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அம்மா, அணுகாதுன்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. சட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு, அட்டையை மட்டும் உருவிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன். தூக்கி எறியப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

திருநெல்வேலி மாவட்டத்தில், டோனாவூர் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அத்தை என்றால் அவருடைய அம்மா. மாமா போய் வெகுகாலம் ஆகிவிட்டது, இப்போது ஒரே மகனும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் "கர்த்தருடைய சித்தம்" என்றவர்கள் உண்டு. "வெளிநாட்டுக்குப் போனா ஜெபம் குறைஞ்சிரும்" என்று காதில் விழும்படி சொன்னவர்களும் உண்டு. உபதேசியார் அம்மா மட்டும் இரண்டு வாரம் தினமும் வந்து, அருவாமனையை எடுத்துக் காய் நறுக்கி வைத்துவிட்டுப் பேசாமல் போவார். வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவனோடே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

முதல் நாள் இரவு எட்டு மணிக்கு அத்தை பாயை விரித்தார்கள். நான் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தேன், வேறு வழி தெரியாததால். அத்தை மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள். வேதாகமத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். அவர்கள் ஜெபம் இவ்வளவுதான்: "ஆண்டவரே, நாலு பேரும் இங்கதான் இருக்கோம். எங்களுக்கு ஒண்ணும் தெரியல. நீரே பாத்துக்கிடும்." அவ்வளவு நாள் நான் கேட்ட அழகான ஜெபங்களில் ஒன்றுகூட அப்போது என்னால் தாங்கியிருக்க முடியாது. இதை மட்டும் உட்கார்ந்து கேட்க முடிந்தது. ஆமென் மட்டும் எனக்கு வரவில்லை. அத்தை அதைக் கவனித்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

2020 மார்ச்சில் கோயிலையும் அடைத்துவிட்டார்கள். ஞாயிறு ஆராதனை இல்லை, எங்களுக்கு அந்தப் பாய்தான் கோயில். அந்த நாட்களில்தான் நான் வேதாகமத்தை அட்டை வசனமாக இல்லாமல், அதிகாரம் அதிகாரமாக வாசித்தேன். கோபத்தோடுதான் வாசித்தேன். எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனம், எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கடிதம் வந்து சேர்ந்தபோது பெரியவர்களாக இருந்தவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அவர்களிடம்தான், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள் என்கிறார் கர்த்தர்.

என் அட்டையில் இருந்த 91ஆம் சங்கீதத்திலும் அடுத்த இரண்டு வசனத்தை மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் ஒருவன் இயேசுவுக்கே எடுத்துச் சொல்கிறான், தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும் என்று. பிசாசுதான் சொல்கிறான். இதை எத்தனையோ தடவை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், என் வீட்டுச் சுவரோடு சேர்த்துப் பார்த்ததில்லை. அந்த வசனம் பொய் என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் நான் அதை இன்சூரன்ஸ் பத்திரம் போலக் கையில் பிடித்திருந்தேன். இயேசு அப்படிப் பிடிக்கவில்லை. குதிக்கவும் இல்லை, பிறகு சிலுவையிலிருந்து இறங்கவும் இல்லை.

ரூத்தின் புத்தகம் எனக்கு இன்னும் நெருக்கம். பெத்லகேமில் பஞ்சம் என்று மோவாபுக்குப் பிழைக்கப் போன குடும்பம் அது. நம் ஊர் ஆட்கள் வளைகுடாவுக்குப் போனது போலத்தான். புருஷனும் இரண்டு மகன்களும் அங்கேயே மரித்துப்போக, நகோமி திரும்பி வந்து, "நான் நிறைவுள்ளவளாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார்" என்று ஊர்ப் பெண்கள் முன்னால் சொல்கிறாள். அவளை யாரும் கண்டிக்கவில்லை. அவள் பேசியது வேதத்தில் அப்படியே இருக்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் என்று ஒரு வரிகூட இல்லாமல், இருட்டிலேயே முடிகிறது. அதையும் யாரும் எடுத்துப்போடவில்லை. உங்கள் மௌனத்துக்கும் அங்கே இடம் உண்டு. எப்படி வேண்டிக்கொள்வது என்று நமக்குத் தெரியாதபோது, ஆவியானவரே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26இல் பவுல் சொல்கிறார்.

டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி அங்கே தெரியாதவர்கள் கிடையாது. 1931இல் விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையைவிட்டு வெளியே வராமல் படுக்கையில்தான் இருந்தார். அவர் சுகமாக அத்தனை பிள்ளைகள் ஜெபித்திருப்பார்கள். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றதால், அங்கே பறவைகள் நீர் குடிக்கும் தொட்டிதான் இருக்கிறது. நான் முன்பு அங்கே போனதுண்டு. திரும்பி வந்த பிறகுதான் இருபது வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று நினைத்துப் பார்த்தேன்.

என் ஆமென் எந்த நாளில் திரும்பியது என்று கேட்டால் தெரியாது. ஏதோ ஒரு இரவு சொன்னேன், மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் நானாக ஜெபிக்க 2022 ஆகிவிட்டது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு அன்று மாலை வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தேன். எட்டு மணிக்கு வழக்கம்போல மகள் பாயை விரித்தாள். அத்தை கட்டிலில் சாய்ந்தபடி, "என்னால வாசிக்க முடியாது. எம்மா, இன்னிக்கு நீ நடத்து" என்றார்கள்.

அத்தையின் வேதாகமத்தை எடுத்தேன். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்த பழைய புத்தகம். திறந்ததும் அந்த அட்டை விழுந்தது. என் பெட்டியிலிருந்து அத்தை அதை எப்போது எடுத்தார்கள் என்று தெரியாது. பின்பக்கம் பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில் இரண்டு வரி இருந்தது. மேலே அவருடைய பேர், இறந்த தேதி. கீழே: "அக்டோபர் 12. மருமகளும் பிள்ளைகளும் வீடு வந்து சேர்ந்தார்கள்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மகன், "வாசிங்கம்மா" என்றான். அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கைக்கு வந்த சங்கீதத்தை வாசித்தேன். பிறகு கண்ணை மூடி, எனக்குத் தெரிந்த ஒரே ஜெபத்தைச் சொன்னேன்: "ஆண்டவரே, நாலு பேரும் இங்கதான் இருக்கோம்."